ஒளிப்படக்கலையில் ஒளியளவு

நண்பகல் வெயிலிற் கோயில் வெளிவீதியைச் சுற்றி வந்த ஒருவர் வாயிலைக் கடந்து உள்ளே செல்லுங்கால், முதற்கண் அவருக்கு எல்லாம் இருளாகவே தோன்றும். சிறிது நேரத்தில் தூண்கள் தெரியும். பின்னர்த் தூண்களிலுள்ள சிற்பங்கள் தெரியும். சில நிமிடங்கள் கழிந்தபின் விளக்கொளியில் நிற்போரின் முகங்களும் புலப்படும். உள்ளே ஒளி கூடவில்லை, கண்ணே மாறியது. கண்மணியின் விட்டம் கடும் வெயிலில் ஏறத்தாழ 2 மில்லிமீற்றராகச் சுருங்கியும், இருளில் 8 மில்லிமீற்றர் வரை விரிந்தும் ஒளியை ஏற்கின்றது. பரப்பளவில் இஃது 16 மடங்கு வேறுபாடேயாகும். வெயிலின் ஒளிக்கும் பூரணை நிலவின் ஒளிக்கும் இடையிலுள்ள வேறுபாடோ ஏறக்குறைய நான்கு இலட்சம் மடங்கு. எஞ்சிய வேலையை விழித்திரையும் மூளையுஞ் செய்து முடிக்கின்றன. செய்வதை உடையவனுக்கு அறிவிப்பதுமில்லை. ஆதலின், ஓரிடத்தில் ஒளி எவ்வளவு உளது என்று மனிதன் கண்ணால் மதித்துக் கூறுவது பெரும்பாலும் பிழையாகவே முடியும்.

கமராவுக்கு இத்தகைய இசைவாக்கம் இயல்பாக அமைந்ததன்று. படம் பதியும் பரப்பு, பழைய பிலிமாயினும் இக்காலத்து இலத்திரனியல் உணரியாயினும், அதன்மீது எவ்வளவு ஒளி விழவேண்டும் என்பதை யாரோ ஒருவர் தீர்மானித்தல் வேண்டும். அவ்வாறு விழச்செய்த ஒளியின் மொத்த அளவையே கமராக்காரர் 'எக்ஸ்போஷர்' என வழங்குவர். தமிழில் அதனை ஒளியளவு எனலாம். இன்று விற்பனைக்கு வரும் கமராக்களிற் பெரும்பாலானவை, கைத்தொலைபேசியோடு இணைந்தவை உட்பட, இத்தீர்மானத்தைத் தாமே செய்துகொள்கின்றன. அங்ஙனமாக, கமராவின் சக்கரத்தில் 'எம்' என்னும் ஆங்கில எழுத்துப் பொறித்த கையியக்க நிலையை இன்னும் வைத்திருப்பது எதற்கு என்னும் வினா நியாயமானதே. பழைமைப் பற்று அதற்குக் காரணமன்று. கருவி ஒளியை அளக்கும். அளந்த ஒளி எத்தகைய பொருளிலிருந்து வந்தது, அப்பொருள் படத்தில் எவ்வாறு தோன்ற வேண்டும் என்பவற்றை அறியாது. இவ்வறியாமை எங்கே படத்தைக் கெடுக்கின்றது என்பதை விளங்கிக்கொண்டோர்க்கே கையியக்க நிலை பயன்படும். ஏனையோர்க்கு அது வீண் தொல்லைதான்.

ஒளியளவு இரண்டு கூறுகளின் பெருக்கமாகும். ஒன்று, பரப்பின்மீது விழும் ஒளியின் செறிவு. மற்றது, அது விழும் நேரம். செறிவு இரட்டித்து நேரம் பாதியாயின் விளைவு மாறாது. ஒளியினால் நிகழும் இரசாயன மாற்றங்களை ஆராய்ந்த யேர்மானியராகிய றொபேட் புன்சனும், ஆங்கிலேயராகிய ஹென்றி றொஸ்கோவும் 1862 இல் வகுத்த விதி இது. பாத்தி கட்டி நீர் இறைக்கும் தோட்டக்காரர் இவ்விதியின் பெயரை அறியாமலே இதனைக் கையாளுகின்றனர். வாய்க்காலின் வாயை அகலத் திறந்தாற் பாத்தி விரைவில் நிறையும். ஒடுக்கித் திறந்தால் நேரஞ் செல்லும். பாத்தியில் நின்ற நீர் இரண்டிலும் ஒன்றே. வில்லையின் துவாரம் வாய்க்காலின் வாயை ஒத்தது; ஷட்டர் என்னும் மூடி திறந்திருக்கும் நேரம் நீர் பாயும் நேரத்தை ஒத்தது. இவ்வுவமையை இதற்கு மேல் நீட்டுதல் ஆகாது. பாத்தியில் நீர் அகன்ற வாயால் வந்ததா, ஒடுங்கிய வாயால் வந்ததா என்பதைப் பயிர் அறியாது. படமோ அதனை நன்கு காட்டிக்கொடுக்கும்.

முதலில் துவாரத்தை நோக்குவது பொருத்தமாகும். துவாரத்தின் அளவு மில்லிமீற்றரிற் கூறப்படுவதில்லை. வில்லையின் குவியத்தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தாற் பிரித்துப் பெறும் எண்ணே வழக்கிலுள்ளது. அதனை 'எவ்' என்னும் எழுத்தைச் சேர்த்துக் குறிப்பர். 50 மில்லிமீற்றர்க் குவியத்தூரமுடைய வில்லையில் துவாரம் 25 மில்லிமீற்றர் திறந்திருப்பின் அஃது எவ் 2. அதே 25 மில்லிமீற்றர்த் துவாரம் 100 மில்லிமீற்றர் வில்லையில் எவ் 4 ஆகும். ஒரே துவாரத்துக்கு இரண்டு எண்கள் எதற்கு? குவியத்தூரம் இரட்டித்தால் உருவம் நீளத்திலும் அகலத்திலும் இரட்டித்து, துவாரத்தின் வழியே வந்த ஒளி நான்கு மடங்கு பரப்பின்மேற் பரவுகின்றது. ஆகவே செறிவு காற்பங்காகக் குறைகின்றது. இக்குறைவையும் உள்ளடக்கிக் கூறுவதே எவ் எண்ணின் சிறப்பு. எந்த வில்லையாயினும் எவ் 8 என்றால் பரப்பின்மேல் விழும் ஒளிச்செறிவு ஏறக்குறைய ஒன்றேயாகும்.

வில்லைகளிற் காணப்படும் 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16, 22 என்னும் எண்கள் தொடக்கத்தில் மாணவருக்குப் புதிராகத் தோன்றும். வட்டத்தின் பரப்பளவு விட்டத்தின் வர்க்கத்துக்கு விகிதசமம் என்பதை நினைவுகூர்ந்தாற் புதிர் அவிழும். பரப்பளவைப் பாதியாக்க வேண்டுமாயின் விட்டத்தை 2 இன் வர்க்கமூலமாகிய 1.414 ஆற் பிரித்தல் வேண்டும். மேற்கண்ட வரிசையில் ஒவ்வோரெண்ணும் முன்னையதன் 1.414 மடங்கு, ஓரெண்ணிலிருந்து அடுத்ததற்குச் செல்லுந்தோறும் ஒளி பாதியாகின்றது. இவ்வாறு இரட்டிப்பதையும் பாதியாவதையும் 'ஒரு படி' என்று கொள்வது வழக்கம். எண் பெரிதாகத் துவாரம் சிறிதாகும் என்பதிற் பலர் தடுமாறுவர். எண் ஒரு பின்னத்தின் பகுதியெண் என்று கொண்டால் தடுமாற்றம் நீங்கும்.

ஷட்டரின் நேரங்களும் 1/30, 1/60, 1/125, 1/250, 1/500 செக்கன் எனப் படிப்படியாகவே அமைந்துள்ளன. எனவே எவ் 8 இல் 1/125 செக்கன், எவ் 4 இல் 1/500 செக்கன், எவ் 16 இல் 1/30 செக்கன் ஆகிய மூன்றும் ஒளியளவில் ஒன்றே. ஆயினும் படங்கள் மூன்றும் ஒன்றல்ல. அஞ்சலோட்டத்திற் கோலை வாங்கப் பாய்பவன் 1/500 செக்கனில் அந்தரத்தில் உறைந்து நிற்பான். 1/30 செக்கனில் அவனுடைய கால்கள் கரைந்துபோகும். மூன்று வரிசையாக மாணவரை நிறுத்திப் பிடிக்கும் குழுப்படத்தில் எவ் 2 ஐப் பயன்படுத்தினால், முன்வரிசை தெளிவாக இருக்கப் பின்வரிசை மங்கும். எவ் 8 அல்லது எவ் 11 இல் மூன்று வரிசையும் தெளியும். கமராவைக் கையிற் பிடிப்போரின் நடுக்கமும் கணக்கிற் சேரும். முழுச்சட்டகக் கமராவில் 50 மில்லிமீற்றர் வில்லையாயின் 1/50 செக்கனுக்கும், 200 மில்லிமீற்றர் வில்லையாயின் 1/200 செக்கனுக்கும் மேற்பட்ட நேரத்தைக் கையிற் பிடித்து எடுத்தல் கூடாதென்பது பழைய கைமுறை. நடுக்கந் தணிக்கும் பொறிகள் வந்தபின் அதன் கடுமை தளர்ந்துள்ளது.

மேற்கூறிய விதிக்கு ஒரு புறனடை உண்டு. விண்மீன்களைப் பிலிமிற் பதித்து ஆராய்ந்த காள் சுவாசைல்ட் என்னும் வானியலறிஞர், மிக மங்கிய ஒளியை நெடுநேரம் விழச்செய்தால் விதி கூறும் விளைவு கிடைப்பதில்லை என்பதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிற் காட்டினார். பிலிமிற் பல செக்கன்கள் நீளும் படங்களுக்கு, கணக்கிற் கண்ட நேரத்தினும் கூடிய நேரங் கொடுத்தல் வேண்டும். இலத்திரனியல் உணரியில் இக்குறை இல்லை.

துவாரம், நேரம் என்பவற்றோடு மூன்றாவதாகக் கூறப்படுவது உணர்திறன். ஐ.எஸ்.ஓ. 100, 200, 400 என்னும் எண்கள் இதனைக் குறிப்பன. பிலிம் வாங்கும்போதே இது முடிவாகிவிடும். சுருள் தீரும்வரை மாற்ற வழியில்லை. இன்றைய கமராவில் ஒவ்வொரு படத்துக்கும் இதனை மாற்றலாம். இவ்வசதியினால் ஒரு தவறான எண்ணம் பரவியுள்ளது. ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்தினால் உணரி கூடிய ஒளியைப் பெறுகின்றது என்பர் சிலர். உணரியில் விழும் ஒளியைத் துவாரமும் நேரமுமே தீர்மானிக்கின்றன. எண்ணை உயர்த்துவது, பெற்ற சிறிதளவு ஒளியைப் பெருக்கிக் காட்டுவதேயாகும். தூரத்து வானொலி நிலையத்தைக் கேட்கும்போது ஒலியை உயர்த்தினாற் பாட்டோடு இரைச்சலும் உயர்வது போல, படத்திலும் மணல் தூவினாற் போன்ற புள்ளிகள் எழும். துவாரத்தையும் நேரத்தையும் பொருளுக்கேற்பத் தெரிந்த பின்னரும் ஒளி போதாவிடின் உணர்திறனை உயர்த்துவதே முறை. புள்ளி விழுந்த படத்தைப் பார்க்க முடியும். அசைந்து கலங்கிய முகத்தை எவராலும் திருத்த முடியாது.

இனி, கருவியின் அறியாமை என முன்னர்க் கூறப்பட்டதை விளக்குதல் வேண்டும். கமராவினுள் இருக்கும் ஒளிமானி, பொருளில் விழும் ஒளியை அளப்பதில்லை. பொருளிலிருந்து தெறித்து வரும் ஒளியையே அளக்கின்றது. வெயிலில் நிற்கும் கரிய எருமையிலிருந்தும், நிழலில் நிற்கும் வெண்பசுவிலிருந்தும் ஒரே அளவு ஒளி தெறித்து வரலாம். இரண்டையும் வேறுபடுத்த மானிக்கு வழியில்லை. ஆகவே அதனை ஆக்கியோர் ஒரு பொது எடுகோளை வைத்தனர்: எதிரில் உள்ளவற்றின் சராசரி, வெண்மையுமன்றிக் கருமையுமன்றி, விழும் ஒளியில் ஏறத்தாழ நூற்றுக்கு 18 பங்கைத் தெறிக்கும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்பதே அது. புல்வெளி, செங்கல், மரம், மனிதர் எனப் பலவுங் கலந்த காட்சிக்கு இவ்வெடுகோள் பெரும்பாலும் பொருந்தும். கலப்பில்லாத காட்சிக்குப் பொருந்தாது.

இதனை எந்த வகுப்பறையிலும் சோதித்துப் பார்க்கலாம். வெண்சுண்ணாம்பு தீட்டிய சுவர் மட்டும் சட்டகத்தை நிறைக்கத் தன்னியக்க நிலையில் ஒரு படம் எடுத்து, பின் கரும்பலகை மட்டும் நிறைய மற்றொன்று எடுத்தல் வேண்டும். இரண்டையும் அருகருகே வைத்து நோக்கின், சுவரும் பலகையும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறமாய் இருக்கக் காணலாம். சுவரைக் கண்ட கமரா 'ஒளி மிகை' என்று குறைத்தது. பலகையைக் கண்டு 'ஒளி குறை' என்று கூட்டியது. சுவர் வெண்மையாகத் தோன்ற, மானி கூறியதினும் ஒன்றரை முதல் இரண்டு படி வரை ஒளியைக் கூட்டல் வேண்டும். பலகை கருமையாகத் தோன்ற ஏறக்குறைய அவ்வளவு குறைத்தல் வேண்டும். மானி பொய் கூறவில்லை. 'இப்பொருள் சாம்பல் நிறமாயின் இவ்வொளி போதும்' என்றே அது கூறிற்று. பொருள் சாம்பல் நிறமா என்பதைக் கூறவேண்டியவர் கமராவுக்குப் பின்னால் நிற்பவர்.

இக்கருத்தை ஒழுங்கான முறையாக வகுத்தோர் அமெரிக்க ஒளிப்படக் கலைஞராகிய அன்செல் அடம்ஸும் அவருடன் லொஸ் ஏஞ்சலிசிற் கற்பித்த பிரெட் ஆர்ச்சருமாவர். 1939–40 அளவில் அவர்கள் உருவாக்கிய 'வலய முறை', முழுக் கருமை முதல் முழு வெண்மை வரையுள்ள சாயல்களை 0 முதல் 10 வரை எண்ணிட்ட வலயங்களாகப் பிரிக்கின்றது. ஒரு வலயத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு படி. மானி எதை நோக்கினாலும் அதனை ஐந்தாம் வலயத்தில், அதாவது நடுத்தரச் சாம்பலில், இருத்தும். எடுப்பவர் அதனை வேண்டிய வலயத்துக்கு ஏற்றவோ இறக்கவோ செய்யலாம். இவ்வளவுதான் முறையின் சாரம். இதனைச் சுற்றி எழுந்த நூல்களின் பருமனைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை.

இம்முறையின் வலிமை அதனை ஆக்கியோருள் ஒருவரிடமே ஒரு மாலைப்பொழுதிற் சோதிக்கப்பட்டது. 1941 ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அடம்ஸ், தம் மகனுடனும் நண்பர் ஒருவருடனும் நியூ மெக்சிக்கோ மாநிலத்திற் காரிற் சென்றுகொண்டிருந்தார். எர்னாந்தெஸ் என்னும் சிற்றூரை அணுகியபோது, கிழக்கே மலைத்தொடரின் மேல் மேகப்படலத்துக்கு மேலாக நிலா எழுந்து நிற்பதையும், ஊரின் சிறு தேவாலயத்தையடுத்த சேமக்காலையிலுள்ள வெண்சிலுவைகள்மீது மறையும் ஞாயிற்றின் கடைசிக் கதிர் படிவதையுங் கண்டார். காரை நிறுத்தி, 8 அங்குலத்துக்கு 10 அங்குலப் பிலிம் கொள்ளும் பெருங்கமராவை விரைந்து முக்காலியில் ஏற்றினார். வில்லையைப் பொருத்திக் காட்சியைத் தெளிவாக்கிய பின் ஒளிமானியைத் தேடினார்; அது கிடைக்கவில்லை. மேற்கே ஞாயிறு மேகக்கூட்டத்தினுள் மறையும் தறுவாயில் இருந்தது.

அவ்வேளையில் நிலாவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 மெழுகுதிரி அளவு என்பது அவர் நினைவுக்கு வந்தது. ஒளிர்வு இன்னதெனத் தெரிந்தபின் மானி எதற்கு? பிலிமின் உணர்திறன் எண்ணுக்கு வர்க்கமூலங் கண்டு, அதனை எவ் எண்ணாகக் கொண்டால், சதுர அடிக்கு இத்தனை மெழுகுதிரி என்னும் ஒளிர்வெண்ணின் தலைகீழே செக்கனிற் கொடுக்கவேண்டிய நேரம் என்பது அவர் கையாண்ட சூத்திரம். பிலிமின் உணர்திறன் 64. அதன் வர்க்கமூலம் 8. எனவே எவ் 8 இல் 1/250 செக்கன் கொடுத்தால் நிலா நடுத்தரச் சாம்பலாய், ஐந்தாம் வலயத்தில் நிற்கும். சாம்பல் நிலாவை எவர் விரும்புவர்? முற்றும் வெளுத்த வெறும் வட்டமாகவும் அஃது ஆதல் கூடாது, மறுக்கள் தெரியவேண்டும். ஆகவே அதனை ஏழாம் வலயத்தில் இருத்தினார். இரண்டு படி ஏறினால் நேரம் 1/60 செக்கன். வானத்தைக் கருமையாக்கும் பொருட்டு வில்லையின் முன் கடும் மஞ்சள் வடிகட்டியொன்று இருந்தது. அது மும்மடங்கு ஒளி வேண்டுவது. எனவே 1/20 செக்கன். அண்மையும் சேய்மையும் ஒருங்கே தெளிய எவ் 32 வேண்டும். 8 இலிருந்து 32 வரை நான்கு படி, அதாவது 16 மடங்கு. 16 ஐ 20 ஆற் பிரிக்க வருவது 0.8. அவர் ஒரு செக்கன் கொடுத்தார்.

காப்புக்காக இரண்டாவது படம் ஒன்றும் எடுக்க எண்ணிப் பிலிம் தாங்கியைத் திருப்பினார். அதற்குள் சிலுவைகளிலிருந்து வெயில் அகன்றுவிட்டது. உலகெங்கும் அறியப்பட்ட 'எர்னாந்தெஸில் நிலவெழுச்சி' என்னும் படத்துக்கு நெகற்றிவ் ஒன்றே ஒன்றுதான்.

அப்படம் குறையற்றதென்று கூறுவதற்கில்லை. நிலாவைக் கொண்டு ஒளியளவைக் கணித்தமையால், முன்னிலத்துப் புதர்களுக்கும் வீடுகளுக்கும் போதிய ஒளி கிட்டவில்லை. நெகற்றிவின் அப்பகுதி மெலிந்திருந்தது. அதிலிருந்து நல்ல படி எடுப்பது அவருக்குப் பெருந் தொல்லையாயிற்று. 1948 இல் நெகற்றிவின் கீழ்ப்பகுதியை மட்டும் இரசாயனக் கரைசலால் அடர்த்தியாக்கினார். ஆண்டுகள் செல்லச் செல்ல அவர் எடுத்த படிகளில் வானம் மேன்மேலும் கருமை கொண்டது. ஒளியளவை இவ்வளவு நுணுக்கமாய் நினைவில் வைத்திருந்தவர், படம் எடுத்த நாளைக் குறித்து வையாது, வெவ்வேறிடங்களில் வெவ்வேறு ஆண்டுகளைக் கூறினார் என்பது சுவையான முரண். நிலாவின் நிலையைக் கணித்து, நாள் 1941 நவம்பர் 1 எனவும் நேரம் மாலை 4.49 எனவும் டெனிஸ் டி சிக்கோ என்னும் வானியல் எழுத்தாளர் 1991 இல் வெளியிட்டார். அடம்ஸ் 1984 இலேயே காலமாகிவிட்டார்.

மெலிந்த முன்னிலத்தை ஓரளவேனும் மீட்க முடிந்ததன் காரணம் பிலிமின் இயல்பில் உளது. ஒளியளவுக்கும் பிலிமில் உண்டாகும் கருமைக்கும் உள்ள தொடர்பை, இங்கிலாந்தில் விட்னிஸ் நகரத்து இரசாயனத் தொழிற்சாலையிற் பணியாற்றிய ஹேர்ட்டர், டிரிபீல்ட் என்னும் இருவர் 1890 இல் வரைபடமாக்கினர். அவ்வளைகோடு அடியில் மெல்ல எழுந்து, நடுவில் நேராக ஏறி, உச்சியில் மெல்லச் சாயும். உச்சியிற் சாய்வு இருப்பதால் நெகற்றிவ் பிலிமுக்கு ஒளி சற்று மிகினும் வெண்மேகத்தின் மடிப்புக்கள் முற்றாக அழிவதில்லை. ஒளி மிகக் குறையின் நிழற்பகுதியில் ஒன்றும் பதியாது. ஆதலின் 'நிழலுக்கு ஒளி கொடு' என்று பழையோர் கற்பித்தனர். இலத்திரனியல் உணரிக்கு இதன் மறுதலையே பொருந்தும். அதன் கோடு நேராக ஏறிச் சென்று, கொள்ளளவு நிறைந்ததும் சட்டென முறிந்துவிடும். நிறைந்த இடத்தில் வெறும் வெண்மையன்றி யாதுமில்லை; எத்தகைய திருத்தத்தாலும் அதனை மீட்க இயலாது. நிழற்பகுதியை மாத்திரம் பின்னர் ஓரளவு உயர்த்திக்கொள்ளலாம். பிலிமிற் பழகிய பின் புதிய கமராவுக்கு மாறுவோர் முதலில் மறக்கவேண்டிய பாடம் இதுவே.

அழிவு நேர்ந்ததா என்பதைக் கமராவின் திரையிற் காட்டும் வலையுரு வரையம் உடனே கூறிவிடும். கணிதப் பாடத்திற் பயின்ற அதே வரையந்தான். இடப்பக்கம் கருமை, வலப்பக்கம் வெண்மை. உயரம் அச்சாயலில் எத்தனை புள்ளிகள் உள்ளன என்பதைக் காட்டும். வலப்பக்கச் சுவரில் மோதி உயர்ந்து நின்றால் எங்கோ வெண்மை அழிந்துவிட்டது. வரையம் நடுவிற் குவிந்திருத்தல் வேண்டும் என்று கற்பிப்போரும் உளர், அது தவறு. வெண்சுவரின் வரையம் வலப்பக்கத்திலும், இரவுக் காட்சியின் வரையம் இடப்பக்கத்திலும் இருப்பதே இயற்கை.

ஒளியளவு பிழைப்பதனால் வரும் நட்டம் சுவரிலும் பலகையிலும் பெரிதன்று. முகத்தில் அது பெரிது. வெள்ளுடை அணிந்த மாணவர் முப்பது பேரை வெள்ளைச் சுவரின் முன் நிறுத்திப் படமெடுத்தால், சட்டகத்தின் பெரும்பகுதி வெண்மையாகின்றது. தன்னியக்கக் கமரா அவ்வெண்மையைச் சாம்பலாக்கும் முயற்சியில் ஒளியைக் குறைத்துவிடும். உடையும் சுவரும் ஓரளவு தெரிய, கரிய நிறத்து முகங்கள் கண்ணும் மூக்கும் புலப்படாத நிழல்களாகிவிடும். இவ்வாறு அடையாளந் தெரியாத முகங்களோடு எத்தனையோ குழுப்படங்கள் சுவர்களிலே தொங்குகின்றன. திருமணத்திற் பட்டுவேட்டியும், மரணவீட்டில் வெள்ளைச் சேலைகளும் இதே வேலையைச் செய்யும். அவை மீள எடுக்கக்கூடிய படங்களல்ல. அண்மைக்காலக் கமராக்கள் சட்டகத்தில் முகத்தை இனங்கண்டு அதற்கேற்ப ஒளியைக் கூட்டுகின்றன, அது நன்மையே. ஆயினும் அந்த முகம் எவ்வளவு கரியதாக அல்லது வெளிறியதாகத் தோன்ற வேண்டும் என்னும் தீர்மானம் அப்பொழுதும் வேறொருவருடையதாகவே இருக்கின்றது.

அத்தீர்மானம் ஒருகாலத்தில் எவ்வளவு ஒருபக்கமாக இருந்தது என்பதற்குச் சான்று உண்டு. கொடக் நிறுவனம் நிறப்படங்களைக் கழுவும் நிலையங்களுக்கு அனுப்பிய ஒப்பீட்டு அட்டைகளில், பல்லாண்டுகளாக வெள்ளை நிறப் பெண்ணொருத்தியின் படமே இருந்தது. அம்முகம் சரியாக வந்தால் நிறங்கள் யாவும் சரி என்று கொள்ளப்பட்டது. 'ஷேர்லி அட்டை' என்பது அதற்கு வழங்கிய பெயர். வெவ்வேறு நிறத்துப் பெண்கள் ஒருங்கே அமர்ந்த அட்டைகள் 1990களிலேயே வழக்கிற்கு வந்தன. கரிய நிறத்தோர் தம் படங்களைக் கண்டு 'நான் இவ்வளவு கறுப்பா' என்று மனங்குன்றியமைக்குக் கமராவும் ஒரு காரணமாயிற்று என்க.

எனவே மனிதரை எடுக்கும்போது முகத்திலிருந்தே அளத்தல் நன்று. அருகே சென்று முகம் மட்டும் சட்டகத்தை நிறைக்க மானியைப் பார்த்து, கரிய முகமாயின் அது கூறியதினும் ஏறக்குறைய ஒரு படி குறைத்து, துவாரத்தையும் நேரத்தையும் அவ்வெண்களில் நிறுத்திப் பின்வந்து படமெடுத்தல் வேண்டும். முகத்தை அணுக முடியாவிடின், அதே ஒளியில் தன் உள்ளங்கையை நீட்டி அளக்கலாம். உள்ளங்கை எந்நிறத்தோர்க்கும் வெளிறியதே. நடுத்தரச் சாம்பலினும் ஏறக்குறைய ஒரு படி வெளிறியதாகையால், மானி கூறுவதற்கு ஒரு படி கூட்டுதல் வேண்டும். தத்தம் கைக்கு இவ்வளவு சரியா என்பதை ஒருமுறை சாம்பல் அட்டையோடு ஒப்பிட்டு அறிந்துகொண்டாற் போதும். வெயில் தலைக்கு மேல் நிற்கும் வேளையில் முகத்துக்கு ஒளி கொடுத்தால் வேட்டி வெளுத்துவிடும், வேட்டிக்குக் கொடுத்தால் முகம் இருண்டுவிடும் என்னும் இக்கட்டு நேரும். நெற்றியிலுள்ள திருநீற்றுக் குறிகளும் வெளுத்து ஒன்றாகிவிடுதல் உண்டு. அங்கே எந்தக் கணக்கும் உதவாது. வேப்பமர நிழலுக்கு எல்லாரையும் அழைத்துச் செல்வதே வழி. வழியில்லையெனின் வேட்டியின் மடிப்பை இழந்தேனும் முகத்தைக் காத்தல் வேண்டும்.

மானியே இல்லாத காலத்துக் கைவிதி ஒன்றும் அறிந்திருத்தல் பயன் தரும். மேகமற்ற வெயிலில் எவ் 16 ஐ வைத்து, உணர்திறன் எண்ணின் தலைகீழை நேரமாகக் கொள்ளலாம், ஐ.எஸ்.ஓ. 100 ஆயின் 1/100 அல்லது 1/125 செக்கன். மெல்லிய மேகத்துக்கு ஒரு படியும், மூடிய வானத்துக்கு மூன்று படியும் திறத்தல் வேண்டும். ஞாயிற்றின் ஒளி நண்பகலில் நாளுக்கு நாள் அதிகம் மாறுவதில்லை என்பதே இவ்விதியின் அடிப்படை. நிலாவும் வெயிலிற் கிடக்கும் கல்லேயாதலின், பூரணை நிலாவுக்கும் எவ் 11 இல் ஏறக்குறைய இதே நேரம் பொருந்தும். இரவென்று எண்ணிப் பல செக்கன்கள் கொடுத்து, நிலாவை வெள்ளைப் பொட்டாக்கிக் கொள்வோர் பலர்.

பயிற்சியைத் தொடங்குவோர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். சக்கரத்தைக் கையியக்க நிலைக்குத் திருப்பிய பின்னரும், இக்காலக் கமராக்கள் பலவற்றில் ஐ.எஸ்.ஓ. மட்டும் தன்னியக்கத்தில் விடப்பட்டிருக்கலாம். அவ்வாறிருப்பின் வெண்சுவரின் முன் துவாரத்தை இரண்டு படி திறந்ததும், கமரா உணர்திறனை இரண்டு படி இறக்கிச் சுவரைப் பழையபடி சாம்பலாக்கிவிடும். மாணவன் எண்களை மாற்றுவான், படம் மாறாது, விதியே பொய்யென்று எண்ணுவான். ஆகவே முதல் வேலையாக ஐ.எஸ்.ஓ. வை 100 அல்லது 200 என ஓரெண்ணில் நிறுத்திவிட்டு, அதன் பின்னரே சுவரையும் கரும்பலகையையும் எடுத்துப் பார்த்தல் வேண்டும்.